ஓநாய் முடி என்று வாங்கியது

சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு நெருங்கும்போது, புளோக்குக்குக் கீழே ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு பெரியவர்கள் சிவப்புத் தாளில் வாழ்த்து வரிகள் எழுதித் தருவார்கள். வாசலின் இரண்டு பக்கமும் ஒட்டுவதற்கு. சில வருஷங்களுக்கு முன்னால் அப்படி ஒருவரை அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரே தூரிகை. அதே முனையில் நூல் மாதிரி மெல்லிசான கோடும் வருது, கட்டை விரல் தடிமனில் கோடும் வருது. பேனாவில் இது நடக்காது. மறுநாளே நானும் ஒரு தூரிகை வாங்கக் கடைக்குப் போய்விட்டேன்.

கடை அங்கிள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "ஓநாய் முடி, ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது" என்றார். ஓநாயா என்று நான் முழித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பேர்தான் ஓநாய். உண்மையில் அது வீசல் என்கிற சின்ன விலங்கின் வால் முடி. நம்ம கீரிப்பிள்ளை சாயலில் இருக்கும், மஞ்சள் பழுப்பு நிறம். சீனத்தில் அதன் பெயர்களில் ஒன்றில் "ஓநாய்" என்ற எழுத்து வருவதால் தூரிகைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தேன், பாட்டில் மையில் தோய்த்து ஆசை தீரக் கிறுக்கினேன், கழுவாமல் அப்படியே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் ஆணி மாதிரி விறைத்துக் கிடக்கிறது. மையில் பசை இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கூச்சத்தோடு திரும்ப அங்கிளிடம் எடுத்துப் போனேன். அவர் திட்டவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் வைத்து, விரலால் மெல்ல மெல்ல இளக்கினார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "இதைச் செஞ்ச பொம்பளை நாள் பூரா தண்ணியில கை வச்சிருப்பா. நீ ஒரு நிமிஷம் தண்ணி காட்ட மாட்டியா?"

அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் போய்த்தான் இந்தக் குறிப்புகள் சேர்ந்தன. சீன எழுத்துக் கலை பற்றி எழுதுபவர்கள் எழுதியவரைப் பற்றித்தான் பேசுவார்கள். எழுதிய கருவியை யார் செய்தது, அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பது ஓரமாகவே நிற்கும். ஆனா தேடிப் பார்த்தா, சீன எழுத்தாளர்களிலேயே சிலர் இதை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்காங்க. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாங்க.

தளபதி கண்டுபிடித்தாரா?

சீனத்தில் எழுதுகோலுக்கு "பி" என்று பெயர். பென்சிலுக்கு ஈய பி, மைப்பேனாவுக்கு எஃகு பி. எல்லாத்துக்கும் மூத்தது தூரிகைதான், அது முடி பி.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், வழக்கமாக வருகிற பதில் மெங் தியென். சின் பேரரசரின் தளபதி, வடக்கு எல்லையில் நெடுஞ்சுவர் வேலையை நடத்தியவர், கி.மு. 210-இல் தற்கொலைக்குத் தள்ளப்பட்டவர். எல்லையிலிருந்து அரசருக்கு அடிக்கடி அறிக்கை அனுப்ப வேண்டியிருந்ததால் தூரிகையைச் செய்தார் என்பது கதை.

மண்ணுக்குள் கிடைத்தவை வேற மாதிரி சொல்கின்றன. 1954-இல் சாங்ஷா நகரத்துக்குப் பக்கத்தில், சூ நாட்டுக் காலத்துக் கல்லறை ஒன்றில் முழுசாக ஒரு தூரிகை கிடைத்தது. மூங்கில் காம்பு, முயல் முடி. மொத்த நீளம் சுமார் 21 சென்டிமீட்டர். மெங் தியெனுக்கு முந்தையது. இன்னும் பின்னால் போனால், ஆன்யாங்கில் கிடைத்த ஷாங் காலத்துக் குறி கேட்கும் எலும்புகள். ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழசு. அவற்றில் பெரும்பாலான எழுத்துகள் செதுக்கப்பட்டவை. சில மட்டும் செதுக்கப்படாமல் தூரிகையால் எழுதப்பட்டு அப்படியே நிற்கின்றன. அந்தக் கால எழுத்துகளிலேயே, ஒரு கை நிமிர்த்திப் பிடித்த தூரிகையைக் காட்டும் உருவமும் இருக்கிறது. ஆக, தளபதி பிறப்பதற்கு ஆயிரம் வருஷம் முன்னாலேயே தூரிகை இருந்தது.

அவர் மேம்படுத்தியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சாங்ஷா தூரிகையில் முடியைக் காம்பின் வெளிப்பக்கம் சுற்றி, பட்டு நூலால் கட்டி, அரக்கு பூசியிருக்கிறார்கள். நம்ம வீட்டு விளக்குமாற்றுக் கட்டு மாதிரி. சின் காலத் தூரிகைகளில் காம்பின் நுனியைக் குடைந்து, முடிக்கட்டை உள்ளே செருகியிருக்கிறார்கள். இன்றைக்கும் அதே முறைதான். பெரிய மாற்றம்தான், சந்தேகமில்லை. அதைச் செய்த ஆள் ஒரு தளபதியா, இல்லை மூங்கில் வேலை செய்த யாரோ ஒருவரா? எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

குமாஸ்தாவின் தலையில் செருகிய கருவி

தூரிகை என்றதும் மலை, மூங்கில், மூடுபனி, வெள்ளைத் தாடிப் பெரியவர் என்று ஒரு படம் நம் மனசில் வருகிறது. முதல் சில நூற்றாண்டுகளில் அது கலைஞரின் கையில் இல்லை. குமாஸ்தாவின் கையில் இருந்தது.

1975-76-இல் ஹூபெய் மாகாணத்தில் ஷுயிஹூதி என்ற இடத்தில் சில கல்லறைகளைத் தோண்டினார்கள். 11-ஆம் எண் கல்லறையில் இருந்தவர் பெயர் ஷி, சின் அரசின் உள்ளூர்ச் சட்ட அலுவலர். கி.மு. 217 வாக்கில் இறந்தவர். அவர் உடலைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகள், பெரும்பாலும் சட்டமும் வழக்கு நடைமுறையும். கூடவே அவர் தூரிகைகள். ஒரு பட்டையின் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூடக் கிடையாது. அந்த அகலத்தில் பொடி எழுத்தில், மேலிருந்து கீழாக. அதுக்கேத்த மாதிரி முனையும் சின்னதா, விறைப்பா இருக்கும். காகிதம் பரவுவதற்கு முந்தைய காலம் இது. இடது கையில் பட்டை, வலது கையில் தூரிகை. தப்பு வந்தால் சுரண்டி எடுக்க ஒரு சின்னக் கத்தி. அதனாலேயே எழுத்தர்களுக்குக் "கத்தி-தூரிகைக் குமாஸ்தா" என்று ஒரு பட்டம் வந்தது. மரியாதையான பட்டம் இல்லை. பிறகு வந்த நூல்களில் அது கொஞ்சம் ஏளனத்தோடுதான் வருகிறது.

பக்கத்தில் 4-ஆம் எண் கல்லறையில் கிடைத்தவை எனக்கு இன்னும் பிடித்தவை. மை உரைக்கும் கல், ஒரு துண்டு மை, கூடவே மரப்பலகையில் எழுதிய இரண்டு கடிதங்கள். போருக்குப் போன ஹெய்ஃபூ, ஜிங் என்ற இரண்டு சகோதரர்கள் வீட்டுக்கு எழுதியவை. சீனாவில் கிடைத்த குடும்பக் கடிதங்களில் மிகப் பழையவை இவைதான். என்ன எழுதியிருக்கிறார்கள்? அம்மா சுகமா, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரிப்பு. பிறகு, காசு அனுப்புங்க, துணி அனுப்புங்க. இரண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஹாஸ்டலில் இருந்து வந்த கடிதம் மாதிரியே இருக்கிறது.

அடுத்து வந்த ஹான் ஆட்சியிலும் தூரிகை அலுவலகப் பொருள்தான். அதிகாரிகள் அதைத் தலைமுடியில் கொண்டை ஊசி போலச் செருகிக்கொள்வார்கள். 1972-இல் கான்சு மாகாணத்தின் வூவெய் பகுதியில் ஒரு ஹான் காலக் கல்லறையில் கிடைத்த தூரிகை இதற்குச் சாட்சி. காம்பின் பின்முனை கூர்மையாகச் சீவப்பட்டிருக்கிறது, இறந்தவரின் தலைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதன் காம்பில் சின்னதாகச் செதுக்கியிருக்கிறது: "பாய் மா செய்தது".

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். தளபதி பெயர் கதையில் வந்தது. அரசர் பெயர் எல்லாக் கல்வெட்டிலும் வந்தது. இங்கே ஒரு தொழிலாளி தன் பெயரைத் தானே எழுதிவைத்திருக்கிறார். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயர் வந்து சேர்ந்துவிட்டது.

முயலின் கணக்கு

தாங் ஆட்சிக் காலத்துக்கு வருவோம் (618-907). அப்போது தூரிகைக்குப் பேர் போன ஊர் ஷுவான்சோ, இன்றைய ஆன்ஹுயி மாகாணத்தில். அங்கே காட்டு முயலின் முதுகிலிருக்கும் கறுத்த, விறைப்பான முடியை எடுத்துச் செய்வார்கள். ஊதாச் சாயல் இருப்பதால் "ஊதா முடி" என்பார்கள். ஒரு முயலின் தோலில் இப்படித் தேறுகிற முடி கொஞ்சமே கொஞ்சம். ஆண்டுதோறும் அரண்மனைக்குக் காணிக்கையாக இந்தத் தூரிகைகள் போக வேண்டும்.

கவிஞர் பாய் ஜூயி (772-846) இந்த ஊதா முடித் தூரிகை பற்றியே ஒரு கவிதை எழுதினார். 809 வாக்கில் எழுதிய தொகுப்பில் வருகிறது. அப்போது அவரே அரசருக்குக் குறை எடுத்துச் சொல்லும் பதவியில் இருந்தவர். கவிதை தூரிகையின் அழகைப் பாடுவது போலத் தொடங்கும். பிறகு கணக்குக் கேட்க ஆரம்பித்துவிடும். ஆயிரக்கணக்கான முடியில் ஒன்றைத்தான் கைவினைஞர் தேர்ந்தெடுக்கிறார். முடி எடையில்லாதது, அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பின் எடையோ பெரிசு. இத்தனை செலவில் செய்த தூரிகை யாருக்குப் போகிறது? தவறு செய்யும் அதிகாரிகளைக் கண்டிக்க வேண்டியவருக்கும், அரசரின் சொல்லையும் செயலையும் உள்ளது உள்ளபடி பதிவு செய்ய வேண்டியவருக்கும். அவர்களைப் பார்த்துத்தான் கவிஞர் சொல்கிறார்: இதை வெட்டியாகப் பயன்படுத்தாதீர்கள் என்று.

இதை நான் எப்படிப் புரிந்துகொள்கிறேன் என்றால், கருவி விலை உயர்ந்தது என்பது எழுதுபவரின் பெருமை இல்லை, அது அவர் தலையில் இருக்கிற கடன். உண்மையை எழுதினால் அந்தக் கடன் தீரும். சும்மா தலையாட்டி அறிக்கை எழுதினால், ஷுவான்சோ தொழிலாளியின் வருஷம் முழுக்க வீண்.

அதே தலைமுறையில் ஹான் யூ (768-824) இன்னொரு வேலை செய்தார். ஒரு தூரிகைக்கு வாழ்க்கை வரலாறு எழுதினார். அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் வரலாற்று நூல்களில் எப்படி எழுதுவார்களோ, அதே கனமான நடையில். கதாநாயகன் பெயர் மாவ் யிங், அதாவது "முடி முனை". முயல் குலத்தில் பிறந்தவர். தளபதி மெங் தியென் வேட்டையில் பிடித்துவந்து பேரரசரிடம் ஒப்படைக்கிறார். மாவ் யிங்குக்குத் தெரியாத விஷயம் இல்லை. கணக்கு, சட்டம், வம்சாவளி, வைத்தியம் எல்லாம் அவர் கையால் பதிவாகிறது. அரசருக்கு நெருக்கமான ஆளாகிறார். அவருக்கு மூன்று நண்பர்கள், மை, மைக்கல், காகிதம். மூவருக்கும் ஆள் பெயரும் ஊர் பெயரும் வைத்திருக்கிறார் ஹான் யூ. மைக்கல்லின் பெயர் "குயவர்" என்ற பொருள் வரும் குடும்பப் பெயர். ஏன்னா தாங் காலத்தில் மைக்கல் பெரும்பாலும் சுட்ட மண்ணில் செய்ததுதான்.

கடைசியில் ஒரு நாள் மாவ் யிங் தொப்பியைக் கழற்றுகிறார். தலை மொட்டை. அரசர் பார்த்துச் சிரிக்கிறார், இனிமேல் நீ எழுதத் தேறமாட்டே என்கிற பாணியில் ஒரு கிண்டல். ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு கூப்பிடவே இல்லை. இத்தனை வேலை வாங்கிவிட்டு முடி கொட்டியதும் தள்ளிவிட்டாரே, நன்றி கெட்ட அரசு என்று வரலாற்றாசிரியர் தீர்ப்பு எழுதுவதோடு முடிகிறது.

அந்தக் காலத்தில் பலர் இதைப் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய அறிஞர் இப்படி விளையாட்டுத்தனமா எழுதலாமா என்று சிரித்தார்கள். நண்பர் லியூ சோங்யுவான் இதற்கு ஆதரவாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஹான் யூவும் லியூவும் பதவி இழந்து தூர தேசத்துக்கு அனுப்பப்பட்டு அடிபட்டவர்கள். மொட்டைத் தூரிகை யார் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கடல் தாண்டிய ஒரு தூரிகை

தாங் காலத் தூரிகை எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஜப்பானுக்குப் போக வேண்டும். நாரா நகரில் தோதாய்ஜி கோயிலின் பழைய கருவூலம், ஷோசோயின். எட்டாம் நூற்றாண்டுப் பொருள்கள் மண்ணில் புதையாமல், மரக் கட்டடத்துக்குள்ளேயே வழிவழியாகப் பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே இருக்கும் தூரிகைகள் தாங் காலப் பாணியைக் காட்டுகின்றன. நடுவில் ஒரு முடிக்கட்டு, அதைச் சுற்றிக் காகிதம், அதன் மேல் இன்னொரு அடுக்கு முடி. முனை மட்டும் சின்னதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குருவித் தலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பார்த்தா அப்படித்தான் இருக்கு.

அவற்றில் ஒன்று மட்டும் பெரியது, அரை மீட்டருக்கும் மேல் நீளம். 752-இல் தோதாய்ஜியின் மாபெரும் புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு நடந்தபோது பயன்பட்டது. கண்மணியை வரைந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. சீனா வந்து, அங்கிருந்து 736-இல் ஜப்பான் போனவர். அவர் மறைந்த பின் 770-இல் எழுதப்பட்ட நினைவுரையின் தலைப்பே அவரைத் தென்னிந்தியப் பிராமணர் என்று சொல்கிறது. எந்த ஊர் என்பதில் பல கருத்துகள் உண்டு, அதுக்குள்ள நான் போகலை. தூரிகையில் ஒரு நீளமான நீலப் பட்டுக் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனைகளைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கண் திறக்கும் புண்ணியத்தில் எல்லாருக்கும் பங்கு. அந்தக் கயிறும் இன்றைக்கு இருக்கிறது.

1180-இல் நடந்த போரில் கோயில் எரிந்து சிலை சேதமானது. சரிசெய்து 1185-இல் மறுபடி கண் திறந்தபோது, ஓய்வு பெற்ற பேரரசர் கோ-ஷிராகாவா கருவூலத்திலிருந்து அதே தூரிகையைத்தான் எடுத்துவரச் சொன்னார். நானூறு வருஷம் கழித்து அதே கருவி. ஹான் யூவின் மாவ் யிங்குக்குக் கிடைக்காத மரியாதை இதற்குக் கிடைத்தது.

தண்ணீர்த் தொட்டியின் முன்னால்

1127-க்குப் பிறகு சோங் அரசு வடக்கை இழந்து தெற்கே ஹாங்சோவுக்கு நகர்ந்தது. அறிஞர்கள், பணம், அலுவலகம் எல்லாம் கூடவே போனது. தூரிகைத் தொழிலிலும் ஷுவான்சோவின் இடத்தை ஹாங்சோவுக்குப் பக்கத்து ஊரான ஹூசோ மெல்லப் பிடித்தது. யுவான் காலத்தில் ஹூசோக்காரர்கள் தங்கள் ஊரின் மூன்று பெருமைகள் என்று சொன்னது: சாவ் மெங்ஃபூவின் கையெழுத்து, சியென் ஷுவானின் ஓவியம், ஃபெங் யிங்கேயின் தூரிகை. ஒரு எழுத்தாளர், ஒரு ஓவியர், அவர்களோடு சரிக்குச் சமமாக ஒரு தூரிகைக்காரர். பாய் மாவுக்குப் பிறகு எனக்கு மனசு நிறைந்த இடம் இது.

ஹூசோவின் ஷான்லியென் என்ற சிற்றூர் இன்றும் இந்தத் தொழிலின் மையம். மெங் தியெனுக்கு அங்கே கோயில் உண்டு. அவர் மனைவியும் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் என்று ஊரார் நம்புகிறார்கள். முயலோடு கூட வெள்ளாட்டு முடி இங்கே பெரிசா வந்தது. இப்போது மூன்று வகை. வீசல் முடி விறைப்பு, வெள்ளாடு மிருது, நிறைய மை குடிக்கும். இரண்டும் கலந்தது மூன்றாவது. "ஏழு ஊதா, மூன்று ஆடு" என்று கலவைக் கணக்கிலேயே பெயர் வரும்.

வேலை இப்படி நடக்கும். முடியை நீளம், தடிமன், நுனி பார்த்து ரகம் ரகமாகப் பிரிக்க வேண்டும். நுனி மழுங்கிய முடி ஒன்றுகூடக் கூடாது. ஆட்டு முடியின் நுனியில் கொஞ்ச தூரம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். அந்தப் பகுதி எவ்வளவு நீளமோ, அவ்வளவு விலை. இந்த ஒளி ஊடுருவும் பகுதி ஒரே வரிசையில் வரும்படி முடிகளை அடுக்க வேண்டும். உலர்ந்த முடி பறக்கும், ஒட்டாது. அதனால் எல்லாமே தண்ணீரில். இந்தக் கட்டத்துக்கே "தண்ணீர்த் தொட்டி" என்றுதான் பெயர். ஹூசோவில் வழிவழியாகப் பெண்களின் வேலை இது. எலும்புச் சீப்பு ஒரு கையில், சின்னக் கத்தி ஒரு கையில், குளிர்காலத்திலும் கை தண்ணீருக்குள். அங்கிள் சொன்னது இவர்களைத்தான்.

பிறகு அடியில் கட்டி, காம்பில் செருகி, கடைசியில் ஒருவர் வெளிச்சத்தில் பிடித்து வழிதவறிய முடிகளை ஒவ்வொன்றாக எடுப்பார். அது பெரும்பாலும் ஆண்களின் வேலை. முடிந்த தூரிகைக்கு நான்கு சோதனை. முனை கூராக வர வேண்டும், அழுத்திப் பரப்பினால் நுனிகள் சமமாக நிற்க வேண்டும், வயிறு உருண்டையாக இருக்க வேண்டும், வளைத்துவிட்டால் நிமிர வேண்டும். புளோக்குக்குக் கீழே நான் பார்த்த நூல் கோடும் கட்டை விரல் கோடும் இந்த நான்கிலிருந்துதான் வந்தன. வயிறு மையைத் தேக்கி வைக்கிறது, முனை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது, அழுத்தம் குறைந்ததும் முடி தானாகக் கூடிக்கொள்கிறது. எழுதுபவரின் கைத்திறமையில் பாதி, தண்ணீர்த் தொட்டியிலேயே உள்ளே போய்விடுகிறது.

2006-இல் ஹூசோ தூரிகைத் தொழில் சீனாவின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

கல், கரி, காகிதம்

தூரிகை, மை, காகிதம், மைக்கல். இந்த நான்கையும் "எழுத்தறையின் நான்கு செல்வங்கள்" என்பார்கள். 986-இலேயே சூ யிஜியென் என்ற அதிகாரி இந்த நான்குக்கும் தனித்தனியாக வரலாறு தொகுத்து ஒரு நூல் எழுதிவிட்டார். காகிதம் தனிக் கடல், இன்னொரு பதிவில் பார்ப்போம். இங்கே மையும் கல்லும் மட்டும்.

சீன மை கட்டியாக வரும். பைன் மரத்தை எரித்துப் புகைக்கரி சேர்த்து, மிருகப் பசையோடு (நம்ம ஆசாரிகள் வஜ்ஜிரம் என்பார்களே, அந்த ஜாதி) இடித்து இடித்து அச்சில் வார்ப்பார்கள். எழுதும்போது கல்லில் தண்ணீர் விட்டு, சந்தனம் இழைக்கிற மாதிரி இழைக்க வேண்டும். ஒரு வேடிக்கை: டிராயிங் கிளாஸில் நாம் இந்தியன் இங்க் என்று வாங்கினோமே, அது இந்த ஜாதி மைதான். அதையே பிரெஞ்சுக்காரர்கள் சீன மை என்கிறார்கள்.

இந்தக் கரிக்கும் ஒரு விலை இருந்தது. ஷென் குவோ (1031-1095) என்ற சோங் கால அறிஞர் எழுதிவைத்திருக்கிறார்: கிழக்கே பைன் காடுகள் தீர்ந்துவிட்டன, தைஹாங் மலைவரை வந்துவிட்டது, தெற்கிலும் மலைகள் பாதிக்கு மேல் மொட்டை என்று. காரணம் மை மட்டுமாக இருந்திருக்காது. ஆனால் அவர் மைக்காரர்களைக் கைநீட்டிச் சொல்கிறார். அதற்கு மாற்றாக, நிலத்திலிருந்து ஊறி வரும் எண்ணெயை எரித்து அதன் கரியில் மை செய்து பார்த்தார். அதற்கு அவர் வைத்த பெயர் "கல் எண்ணெய்". இன்றைக்கும் சீனத்தில் பெட்ரோலியத்துக்கு அதே பெயர்தான். பெட்ரோலியம் பிற்காலத்தில் உலகெங்கும் பரவும் என்றும் எழுதினார். அவர் நினைத்தது மைக்காக!

மைக்கல்லில் உசத்தியானது தெற்கே துவான்சோவில் வெட்டி எடுப்பது. நீர் கசியும் சுரங்கத்துக்குள் குனிந்து போய் வெட்ட வேண்டிய கல். இதுவும் அரண்மனைக் காணிக்கைப் பட்டியலில் இருந்தது. 1040-களின் தொடக்கத்தில் அங்கே ஆட்சியராக இருந்தவர் பாவ் ஜெங் (999-1062). சீன நாடகங்களில் கறுத்த முகத்தோடு வரும் நீதிபதி பாவ் இவர்தான். இவருக்கு முன்னால் இருந்தவர்கள், காணிக்கை என்ற பேரில் அதைப் போலப் பல பத்து மடங்கு கற்களை வசூலித்து, மேலிடத்துப் பெரிய மனிதர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாவ் ஜெங் காணிக்கை எண்ணிக்கை எவ்வளவோ அவ்வளவு மட்டும் செய்யச் சொன்னார். பதவிக்காலம் முடிந்து போகும்போது ஒரு கல்லைக்கூடக் கையில் எடுத்துப் போகவில்லை. இது 1345-இல் முடிக்கப்பட்ட சோங் வரலாற்றில் இருக்கிறது.

பெரிய மனிதர் ஒருவருக்கு இத்தனை சின்னச் செய்தியை வரலாற்றில் ஏன் சேர்த்தார்கள்? ஒரு கல்தானே? அங்கே ஒவ்வொரு கூடுதல் கல்லும் யாரோ ஒரு சுரங்கக்காரர் தண்ணீருக்குள் குனிந்த இன்னும் சில நாள்கள். பாய் ஜூயி முயல் முடியில் போட்ட அதே கணக்கு.

சமாதியும் பேனாவும்

ஜீ-யோங் என்று ஒரு துறவி, ஆறாம் நூற்றாண்டு. பெரும் எழுத்துக் கலைஞர் வாங் ஷிசியின் ஏழாவது தலைமுறை. முப்பது வருஷம் ஒரு கோயில் மாடியில் உட்கார்ந்து "ஆயிரம் எழுத்து" என்ற பாடத்தை எண்ணூறு பிரதி எழுதி, சுற்றுவட்டாரக் கோயில்களுக்குக் கொடுத்தார் என்பார்கள். தேய்ந்த தூரிகை முனைகளைக் குப்பையில் போடாமல் பெரிய கூடைகளில் சேர்த்து, கடைசியில் மண்ணில் புதைத்து அதற்கு ஒரு கல்வெட்டும் எழுதினாராம். தூரிகைச் சமாதி. இந்தக் கதையை எல்லாரும் அவருடைய உழைப்புக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது மொட்டை மாவ் யிங்குக்குக் கிடைத்த நல்லடக்கமாகத் தெரிகிறது.

1905-இல் அரசுத் தேர்வு முறை ஒழிந்தது. அதோடு தூரிகையால் வேலை கிடைக்கும் காலமும் முடிந்தது. எழுத்தாளர் லூ சுன் (1881-1936) கடைசிவரை தூரிகையில்தான் எழுதினார். சொந்த ஊரான ஷாவ்ஷிங்கில் செய்யும் மலிவு ரகம். ஆனால் 1930-களின் நடுவில், மாணவர்கள் மேல்நாட்டுப் பேனாவை விட்டுத் தூரிகைக்கே திரும்ப வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, எதிர்த்து எழுதியதும் அவர்தான். மை இழைத்து, தோய்த்து எழுத ஆகும் நேரம் மாணவனின் நேரம், பேனா வசதியானது, அவ்வளவுதான் விஷயம் என்றார். தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டே! இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முயல் முடிக்காகத் தொழிலாளியின் நேரத்தைக் கணக்குப் பார்த்தார் பாய் ஜூயி. இவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் நேரத்தைக் கணக்குப் பார்த்தார்.

என் "ஓநாய்" இன்னும் இருக்கிறது. அன்றைக்கு ஆணியானதில் நாலைந்து முடி போனது போனதுதான், முனை கொஞ்சம் பிசிறடிக்கும். எழுத்து இன்னும் கோழி கிண்டின மாதிரிதான் வருது. ஆனால் எழுதி முடித்ததும் குழாயடியில் நின்று, கறுப்பு போய்த் தண்ணீர் தெளியும்வரை அலசி, முனையை விரலால் கூர்செய்து, தலைகீழாகத் தொங்கவிடுவேன். காம்பில் கடைப் பேர் மட்டும்தான் பொறித்திருக்கிறது. செய்தவர் பேர் இல்லை.